காதுக்குக் கீழே கன்னம்

பத்தொன்பது வருடம் நான் மனமார நம்பியது இதுதான்: தூக்கும்போது ஒரு கலன் கீழே விழுந்தால் அதன் காது அறுந்திருக்க வேண்டும். காது அறாத வரைக்கும் கலன் விழாது. ஆகவே காதை நல்ல தடிமனாகப் போட்டுவிட்டால் இன்ஜினியர் நிம்மதியாகக் கோப்பி குடிக்கலாம்.

சிரிக்காதீர்கள். வடிவமைப்புப் பிரிவில் உங்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறீர்கள். போன மாதம் பழைய மேசையைப் பார்க்கலாம் என்று நீலாய் ஆபீசுக்கு வந்தபோது ஒரு பிள்ளையின் கணினித் திரையைப் பார்த்தேன். பளு எங்கே எவ்வளவு ஏறுகிறது என்று நிறத்தில் காட்டும் படம். காது மட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தீபாவளி விளக்கு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. அது ஒட்டியிருக்கும் உடல் தகடு ஒரே சாம்பல். ஏன் அம்மா அங்கே ஒரு நிறமும் இல்லை என்று கேட்டேன். "ஷெல்ல ஃபிக்ஸ்ட்டுன்னு வச்சிட்டேன் அங்கிள், அது நகராது" என்றது அந்தப் பிள்ளை. குளிர்சாதன அறையில் எனக்கு வியர்த்துவிட்டது. அன்று இரவே எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்கம்போல நாலு வாரம் தள்ளிப்போட்டேன்.

நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆலையில் குலைகளை ஆவியில் வேகவைக்க ஒரு இரும்பு உருளை உண்டு. படுத்த வாக்கில் இருக்கும். இருபது மீட்டர் நீளம். உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கலாம். நம் பட்டறை செய்யும் அழுத்தக் கலன்களில் அதுதான் பெரியது. அதைத் தூக்கி லோரியில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். அதற்காக முதுகில் இரண்டு இடத்தில், ஓட்டை போட்ட தடித்த தகட்டைப் பற்றவைப்போம். வரைபடத்தில் அதற்கு லிஃப்டிங் லக் என்று பெயர். பட்டறையில் வெல்டர் முதல் முதலாளி தவ்க்கே வரைக்கும் எல்லாருக்கும் அது காது.

காதுக்குக் கணக்கு போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எடையை இரண்டாகப் பிரி. கயிறு சாய்ந்திருக்கும் கோணத்துக்கு ஏற்ப இழுவிசையைக் கூட்டு. ஓட்டை கிழியுமா, அதில் மாட்டும் முளை நசுக்குமா, வெல்டு தாங்குமா என்று பார். எல்லாவற்றிலும் ஐந்து மடங்கு பலம் வைத்துக் கையெழுத்துப் போடு. நான் அப்படிப் போட்ட தாளில் இன்றைக்கும் நீங்கள் ஒரு பிழை காட்ட முடியாது. அதில் இருந்ததெல்லாம் சரி. அதில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், சிலருக்கு வாய் உலரும். எனக்கு ஜோக் வரும். பயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்ல ஜோக். ஆபீசில் என்னைக் கலகலப்பான ஆள் என்று சொல்வார்கள். கலகலத்தது என் உள்ளுறுப்புகள் என்பது யாருக்கும் தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த எட்டாவது வருடமோ என்னவோ, ஒரு சின்னக் கலனைக் கிரேனில் தூக்கி லோரியில் வைத்தோம். வைத்த பிறகு பார்த்தால் ஒரு காதின் அடியில் உடல் தகடு லேசாகக் குழிந்திருந்தது. காதின் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு. காது கம்பீரமாக நின்றது. தவ்க்கே குனிந்து பார்த்து இது என்ன என்று கேட்டார். தவ்க்கே உட்கார்ந்து எழுந்த மெத்தை மாதிரி இருக்கிறது என்றேன். அவர் கொஞ்சம் கனத்த உடம்புக்காரர். அவரே சிரித்துவிட்டார். குழியில் பூச்சைப் பூசி, மேலே பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டோம். தகடு அன்றைக்கே எனக்கு ஒரு சேதி சொல்லியிருக்கிறது. நான் அதன் மேல் பெயின்ட் அடித்தேன்.

இனி ரெங்கசாமி அண்ணன்.

ரந்தாவைத் தாண்டி ஒரு தோட்டம். அதன் ஆலையை மூடப்போகிறார்கள், நிலம் வீடமைப்புக்குப் போகிறது. ஆனால் ஆலையிலிருந்த வேகவைக்கும் கலன் இன்னும் ஓடும் நிலையில் இருந்ததால் அதைக் கழற்றி ஜெம்போல் பக்கம் உள்ள இன்னொரு ஆலையில் வைக்க முடிவு செய்தார்கள். கலன் நாங்கள் செய்தது. அதன் காதுகளை வரைந்தவன் நான். தூக்கும் திட்டத்தையும் நீங்களே போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பெட்டியிலிருந்து பழைய தாளை எடுத்தேன். தேதியை மாற்றினேன். உடல் தகட்டின் தடிமன் என்ற இடத்தில் பதினாறு மில்லிமீட்டர் என்று பத்தொன்பது வருடத்துக்கு முன் என் கையெழுத்தில் இருந்தது, அப்படியே விட்டேன். கயிறு அறுபது பாகைக்குக் குறையக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். வேலை முடிந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு இன்னும் அரை மணி நேரம் பாக்கி இருந்தது.

ரெங்கசாமி அண்ணன் தூக்கும் வேலைக்கு மேற்பார்வையாளர். அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், வெளியே போய்க் கயிறு கட்டித் தூக்கும் ரிக்கர் வேலை பழகி, சான்றிதழ் வாங்கி, நெகிரி மாநிலம் முழுக்க ஆலை ஆலையாகக் கலன் தூக்கியவர். ஐம்பது வயதுக்கு மேல். அதிகம் பேசமாட்டார், பேசினால் இரும்பைப் பற்றித்தான் பேசுவார். கிரேன் ஓட்டியவர் அவருடைய மச்சான். நூற்றிருபது கிலோ இருப்பார், கிரேனுக்குள் அவர் ஏறினால் கிரேன் ஒருமுறை பெருமூச்சு விடும்.

தூக்குவதற்கு ஒரு வாரம் முன்பு சைட்டுக்குப் போனேன். சூடு வெளியேறாமல் இருக்கக் கலனைச் சுற்றிப் பஞ்சும் அலுமினியத் தகடும் போர்த்தியிருப்பார்களே, அந்தப் போர்வையைக் காதுகளைச் சுற்றி மட்டும் பிரித்து வைத்திருந்தார்கள். போர்வையில் காதுக்காக வெட்டிய இடுக்கு வழியாக, ஒழுகும் கூரையிலிருந்து பத்தொன்பது வருடத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. பஞ்சு அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு தகட்டை நிதானமாகத் தின்றிருக்கிறது. வருடாவருடம் தடிமன் அளப்பவர்கள் அடியில் அளந்தார்கள், பக்கத்தில் அளந்தார்கள். போர்வைக்குள் காதடியில் அளக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ரெங்கசாமி அண்ணன் மேலே ஏறி, கையில் சுத்தியலோடு காதைத் தட்டினார், பிறகு காதைச் சுற்றித் தட்டினார். துரு அப்பளம் அப்பளமாக உதிர்ந்தது. இறங்கி வந்து என் எதிரில் நின்றார்.

"சார், காது நல்லா இருக்கு. காதுக்குக் கீழ கன்னந்தான் எனக்குப் புடிக்கல. தட்டுனா சத்தமே செத்துப் போயிருக்கு."

ஆலை இன்ஜினியர் பக்கத்தில் நின்றார். மச்சான் நின்றார். நாலைந்து பங்களாதேஷ் தொழிலாளர்கள், ஆலை ஆபீஸ் கிளார்க் பெண், எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல நாலே எழுத்து. அதற்குப் பதிலாக நான் சொன்னது இது:

"அண்ணே, இந்தக் காதுல கலனையும் தூக்கலாம், கலன் மேல ஒங்க மச்சான ஒக்கார வச்சும் தூக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தமிழ் புரியாத இன்ஜினியர்கூட, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார். ரெங்கசாமி அண்ணன் கடைசியாகச் சிரித்தார். கையிலிருந்த துருவைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே, "சரி லா சார், நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

தம்பிகளே, தங்கச்சிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தடிமன் அளக்கும் ஆளைக் கூப்பிட்டிருந்தால் அரை நாள். காது உடல் தகட்டை எப்படி இழுக்கிறது, எப்படி நெம்புகிறது, அந்த இடத்தில் மட்டும் தகட்டுக்குள் எவ்வளவு தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், வருகிறது என்று கணக்குப் போட்டிருந்தால் இன்னொரு அரை நாள். மொத்தம் ஒரு நாள். ஏன் செய்யவில்லை என்று பின்னால் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அளந்து பார்த்து எண் மோசமாக வந்தால், அந்தத் தாளில் ஒரு இடம் காலியாக இருப்பது ஊருக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கேள்வி கேட்டவரைச் சிரிக்கவைத்துவிட்டால் கேள்வி செத்துவிடும். அதைவிடச் சுலபமான கொலை நம் தொழிலில் இல்லை.

தூக்கும் நாள் வந்தது. நான் நீலாயில், வேறொரு வாடிக்கையாளரோடு கூட்டத்தில் இருந்தேன். பதினொன்றே காலுக்கு ரெங்கசாமி அண்ணனிடமிருந்து போன். வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"சார், கூரையப் பிரிச்சாச்சி. ஆனா நடுவுல அந்தப் பெரிய பீம் நிக்கிது. ஹூக்கு அதுக்கு மேல போமாட்டேங்குது. நீங்க சொன்ன நீளத்துக்கு சிலிங் போட்டா ஒயரம் பத்தாது. கட்டையா போடவா?"

கயிறு குட்டையாகிறது என்றால் கோணம் படுக்கிறது என்று அர்த்தம். ஒரு வாளித் தண்ணீரை இரண்டு பேர் தூக்கிப் பாருங்கள். நெருங்கி நின்றால் ஒன்றும் தெரியாது. விலகி விலகிப் போனால் வாளி அதேதான், தோள்பட்டை கழன்றுவிடும். அந்தப் பீமுக்குக் கீழே என்றால் முப்பது பாகைதான் வரும். அறுபது பாகை முப்பதாகப் படுத்தால் கயிற்றின் இழுவிசை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. மனதுக்குள் வகுத்தேன். காதுக்கு ஐந்து மடங்கு பலம் வைத்திருக்கிறேன், ஒன்றே முக்காலால் வகுத்தாலும் கிட்டத்தட்ட மூன்று மிச்சம். அரை நிமிடத்தில், தாளில்லாமல், பேனா இல்லாமல். எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

"போடுங்க லா அண்ணே. காது தாங்கும்."

"சரி சார்."

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். யாரோ திரையில் ஏதோ காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பத்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தேன். அப்புறம் தமிழ்ப்பள்ளியில் என் மூன்றாம் வகுப்பு வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். அவர் காதைப் பிடித்து மேலே இழுத்தால் வலிக்கும், பொறுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் நெம்பினால் காது வலிக்காது, கன்னம் பிய்ந்துவிடும் போலிருக்கும்.

கயிறு படுக்கும்போது மேல்நோக்கிய இழுப்பு மாறுவதில்லை. கலனின் எடை அதேதானே. மாறுவது பக்க இழுப்பு. அறுபதிலிருந்து முப்பதுக்கு வந்தால் பக்க இழுப்பு மூன்று மடங்கு. அந்த மூன்று மடங்கும் காதை ஒரு நெம்புகோலாக்கித் தகட்டைக் கிளப்பும். எந்தத் தகட்டை? சத்தம் செத்துப்போன தகட்டை.

இப்போது என் வீரத்தைக் கேளுங்கள். வராந்தாவுக்கு ஓடினேன். ரெங்கசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. எடுக்க மாட்டார். தூக்கும் நேரத்தில் யாரும் கைப்பேசி வைத்திருக்கக் கூடாது, எல்லாப் போனையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை எழுதியவன் நான். பிளாஸ்டிக் உறை போட்டு ஆலைச் சுவரில் ஒட்டியவனும் நான்.

ஆலை ஆபீசுக்குப் போட்டேன். அந்தக் கிளார்க் பெண் எடுத்தாள். எல்லாரும் தூக்குவதைப் பார்க்கப் போய்விட்டார்கள் என்றாள். என் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"அவசரமா சார்? நான் ஓடிப் போயி சொல்லட்டா?"

ஆபீசிலிருந்து கலன் இருக்கும் இடம் இருநூறு அடி. அவள் இளம் பெண், ஓடினால் ஒரு நிமிடம். நிறுத்தச் சொல்லு, இன்ஜினியர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டாராம் என்று சொல்லு. அதைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவள் அதை அத்தனை பேர் முன்னால் கத்திச் சொல்லுவாள். மச்சான் கேட்பார். பங்களாதேஷ் பையன்கள் கேட்பார்கள். ஒரு வாரத்துக்கு முன் என் ஜோக்குக்குச் சிரித்த எல்லாரும் கேட்பார்கள்.

"இல்ல லா, சும்மாதான். நானே வர்றேன்" என்றேன்.

நீலாயிலிருந்து ரந்தாவுக்கு நான் ஓட்டிய ஓட்டத்தைப் படமாக எடுத்தால் நகைச்சுவைப் படம் என்றுதான் விற்க வேண்டும். காடியில் குளிர்சாதனம் முழுவேகத்தில், நெற்றியில் வியர்வை ஆறாக. சிரம்பானில் ஒவ்வொரு விளக்கும் எனக்காகவே சிவப்பாகியது. ராசாவில் என் வீட்டு முனையைத் தாண்டும்போது, பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன என்றுகூட ஒரு யோசனை வந்து போனது. ரந்தாவ் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எனக்கு முன்னால் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிப் போனது. முந்த வழியில்லை. அந்த லோரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே நான் என்ன செய்தேன் தெரியுமா? வசனம் பயிற்சி செய்தேன். வாய்விட்டு. 'அண்ணே, இன்னொரு தடவை செக் பண்ணலாமேன்னு தோணுச்சி' என்று ஒரு தினுசு. 'ஹெட் ஆபீஸ்ல புதுசா ஒரு ரூல் வந்திருக்கு' என்று ஒரு தினுசு. என்மேல் பழி விழாத மாதிரி ஒரு வாக்கியத்தைத் தேடி, நாற்பது நிமிடத்தில் ஐந்தாறு செய்துவிட்டேன். தகட்டுக்கு ஒரு கணக்குப் போட அந்த நேரத்தில் பாதி போதும்.

ஆலைக்குள் நுழைந்தபோது கலன் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆமாம், தொங்கிக்கொண்டிருந்தது. சிமென்ட் பீடத்திலிருந்து ஒரு அடி உயரத்தில், அசையாமல், சமமாக. கயிறுகள் இரண்டும் படுத்த வாக்கில் விறைத்து நின்றன. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். விழவில்லை. இன்னும் விழவில்லை. 'தாங்குதே' என்று நினைத்தேன். அத்தனை வசனமும் தேவையில்லாமல் போய்விட்ட சந்தோஷம் இருக்கிறதே, அதை இன்றைக்கு நினைத்தாலும் வாய் கசக்கிறது.

கலனின் அந்தப் பக்க முனையில் ரெங்கசாமி அண்ணன், கலன் சுழலாமலிருக்கக் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்த்தார். நான் வருவதாக இல்லை என்பது அவருக்குத் தெரியும். புருவத்தைத் தூக்கினார். என்ன சார், ஏதாவது உண்டா என்று அதற்கு அர்த்தம். நிறுத்து என்று ஒரு கையை உயர்த்தினால் போதும், மச்சான் ஒரு அடி இறக்கிப் பீடத்தில் வைத்திருப்பார்.

நான் தலையை ஆட்டினேன். எல்லாம் சரி என்ற மாதிரி.

பீடத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மரக்கட்டை ஒன்றை உதைத்துத் தள்ள அவர் ஓர் எட்டு உள்ளே வந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம். வெடிச்சத்தம் இல்லை. பழைய தகரக் கூரையை யாரோ மெதுவாகப் பிரிப்பது மாதிரி. அவர் பக்கத்துக் காது கலனை விட்டுப் போனது. அந்த முனை பீடத்தில் விழுந்து, உருண்டு, சாய்ந்தது. அவருடைய இடது கால் அங்கே இருந்தது.

மச்சான் கிரேனிலிருந்து இறங்கி ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. எல்லாரும் ஓடினார்கள். நான் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். கயிற்றின் நுனியில் காது ஆடிக்கொண்டிருந்தது. ஓட்டை கிழியவில்லை, வெல்டு விடவில்லை, ஒரு கீறல் இல்லை. அதன் அடியில் ஒரு தாம்பாளம் அளவுக்கு உடல் தகடு பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தகட்டின் ஒரு விளிம்பு விரல் தடிமன். மறு விளிம்பு ஐம்பது காசு தடிமன். கீழே ஒரு மனிதர் அலறிக்கொண்டிருக்கும்போது என் மூளையில் முதலில் ஓடியது என்ன தெரியுமா? காது அறவில்லை. என் கணக்கு சரி.

சிரம்பான் மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவர் மனைவி எனக்கு நாற்காலி போட்டார், எனக்கு. கட்டில் பக்கத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ரெங்கசாமி அண்ணன்தான் பேசினார்.

"என்ன சார், இன்னிக்கு ஜோக்கு ஒண்ணும் இல்லியா?"

குத்திக் கேட்டாரா, என் சங்கடத்தைப் பார்த்துச் சும்மா சொன்னாரா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆரஞ்சை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணைக்கு முன் கம்பெனி வக்கீல் என்னை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு வாயைத் திறக்காதே. என்னால் முடியுமா என்று எனக்கே சந்தேகம். வாழ்நாளில் கேட்காததற்கு மட்டும்தான் பதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பாருங்கள், அவ்வளவு ஒழுங்காக இருந்தேன்.

கணக்குத் தாள் உங்களுடையதா? ஆமாம். கயிறு அறுபது பாகைக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்களா? ஆமாம். ரெங்கசாமி அண்ணன் ஊன்றுகோலோடு எழுந்து, சாரிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் குட்டையாகப் போட்டேன் என்றார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். கோணத்தை மாற்ற எழுத்தில் அனுமதி கொடுத்தீர்களா?

"எழுத்தில் இல்லை" என்றேன்.

அது உண்மை. அந்த அறையில் நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. போனில் பேசினீர்களா, என்ன பேசினீர்கள் என்று அடுத்த கேள்வி வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வந்தால் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டிருந்தேன். அதிகாரி ரெங்கசாமி அண்ணனிடம், எழுத்தில் வாங்காமல் திட்டத்தை மாற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அவர். என் சத்தியத்துக்கு வேலை வரவில்லை.

என் தாத்தா ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் எழுதும் புத்தகம் அவர் கையில். பால்மரம் வெட்டியவர் வந்தேன் என்று சத்தியம் செய்தாலும், புத்தகத்தில் பெயர் இல்லை என்றால் அவர் வரவில்லை. இந்தக் கதையை வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள், தாத்தா அவ்வளவு கண்டிப்பு என்று. ரெங்கசாமி அண்ணனின் தாத்தா அப்படிப்பட்ட ஒரு களத்தில் வரிசையில் நின்றவர். மூன்று தலைமுறை தாண்டி, குளிர்சாதன அறையில், டை கட்டிக்கொண்டு நானும் அதே புத்தகத்தைத்தான் காட்டினேன்.

அறிக்கை வந்தது. காதடியில் தகடு அரித்திருந்தது என்று ஒரு பத்தி, இனிமேல் அங்கேயும் அளக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை. காரணம் என்ற இடத்தில் முதல் வரி: தூக்கும் மேற்பார்வையாளர் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்திலிருந்து விலகினார். அவருடைய சான்றிதழ் போயிற்று. காலும் இல்லை, சான்றிதழும் இல்லை. மச்சான் கிரேன் ஓட்டுவதை விட்டுவிட்டார். எனக்கு அடுத்த வருடம் பதவி உயர்வு வந்தது. பத்திரமாகத் தூக்குவது எப்படி என்று உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் வகுப்பு எடுத்தேன். நல்ல ஜோக்குகள் சொல்வேன், வகுப்பு நிறைந்திருக்கும். தகட்டின் தகைவையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தேன், அந்தத் தாளில் எங்கே இடம் காலியாக இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. போன வருடம் ஐம்பத்தைந்தில் நானாகவே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். ரெங்கசாமி அண்ணன் ரந்தாவில் மகள் வீட்டில் இருக்கிறார். விசாரணைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

அந்தத் திரையில் காதைத் தீபாவளியாக்கிய பிள்ளைக்கு: ஷெல்லை நகராது என்று கட்டிப்போடாதே அம்மா, அதற்கும் வலிக்கும். பழைய கலன் என்றால் வரைபடத்தின் தடிமனை நம்பாதே, காதடியில் அளந்த எண்ணைக் கேள். போனில் யாராவது கோணம் கேட்டால், பத்து நிமிடத்தில் எழுத்தில் தருகிறேன், அதுவரை தொடாதீர்கள் என்று சொல். பதில் தெரியாத கேள்வி வந்து, உனக்கு நல்ல ஜோக் ஒன்று தோன்றினால் நாக்கைக் கடித்துக்கொள்.

விசாரணை அறிக்கை ஆபீசில் வடிவமைப்புப் பிரிவு அலமாரியில் இருக்கிறது. யாரும் எடுத்துப் படிக்கலாம். அதில் இல்லாத இரண்டு விஷயங்களை இங்கே எழுத்தில் தருகிறேன். இந்தத் தாளை அந்தக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஒரு பிரதியை ரந்தாவுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்று பதினொன்றே காலுக்கு ரெங்கசாமி எனக்குப் போன் செய்து, சிலிங்கைக் குட்டையாகப் போடலாமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.

கால் மணி நேரம் கழித்து ஆலை ஆபீஸ் கிளார்க், ஓடிப்போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.